வேட்டிக் கறை பிரஷ்

திண்டிவனம்
12.9.2010

அன்புள்ள அண்ணனுக்குத் தனம் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். அண்ணியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அஸ்வினி பெரியவளாகிவிட்டாள். ஆவணி பிறந்த வாரத்திலேயே. தாய்மாமன் உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மாமன் கட்ட வேண்டிய குடிசை ஓலையைக் கட்டுவதற்கு என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகனைக் கூட்டிவந்தார்கள். உனக்கும் இவருக்கும் பேச்சு இல்லாததால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு தை மாதம் வைக்கிறார். மாமன் சீர் இல்லாமல் எப்படி என்று அவருடைய அக்காவே கேட்டுவிட்டாள். "வரட்டும். பேனர் கடைலதானே வேலை செஞ்சிக்கினு இருக்கான்? செஞ்சி ரோடு முனையில இருபதுக்குப் பத்து, பொண்ணு மூஞ்சி பெருசா தெரியணும். அதான் அவன் சீரு" என்றார்.

சங்கடம் அதில்தான். அந்த முனையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். போன வருடம் அஸ்வினியோடு படித்த ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் பேனர் வைத்தார்கள். பையன்கள் அவள் படத்தில் மீசை வரைந்தார்கள், செல்போனில் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள், அவள் போகும்போதும் வரும்போதும் பாட்டு. அந்தப் பெண் முழு ஆண்டுப் பரீட்சைக்கு வரவில்லை. இப்போது வேர்க்கடலை மண்டிக்கு மல்லாட்டை உரிக்கப் போகிறாள். "எம்மூஞ்சிய அங்க மாட்டினா நா இஸ்கூலுக்கு போவமாட்டேன்" என்கிறாள் அஸ்வினி. சும்மா சொல்கிற பிள்ளை இல்லை அவள். இவரிடம் சொன்னால், "ஊர்ல எல்லாரும் வெக்கிறாங்க, எம்பொண்ணு மட்டும் இன்னா?" என்கிறார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். இவள் ஒன்பதாவது. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. பதிலை பஸ் ஸ்டாண்டு வீரம்மாள் அக்கா இட்லிக் கடை விலாசத்துக்குப் போடு.

உன் தங்கை,
தனம்


விழுப்புரம்
19.9.2010

அன்புத் தங்கச்சி தனத்துக்கு அண்ணன் வேணு எழுதும் கடிதம்.

நான் நலம். அண்ணியின் முழங்கால் மட்டும் நலமில்லை, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நாலு வருடம் கழித்து என் தங்கை கடிதம் போட்டிருக்கிறாள் என்று உறையைக் காட்டினேன். "யாரு செத்தாங்க?" என்று கேட்டாள். படித்துக் காட்டியதும் அழுதாள். அப்புறம் ஓலை கட்டின பெரியப்பா மகனைத் திட்டினாள். அவன் என்ன செய்வான், பாவம். கூப்பிட்டார்கள், கட்டினான்.

மாப்பிள்ளைக்கு என் மேல் இன்னும் கோபம் ஆறவில்லையா? நாலு வருடம் முன்னால் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் எவனும் சொல்லத்தான் சொல்வான். "மாப்ள, கண்ணாடிய கழட்டுங்க, சாம்பார் எது ரசம் எதுன்னு தெரியாம பெசஞ்சிக்கினு இருக்கீங்க" என்றேன். இதற்குப் போய் பாதி இலையில் எழுந்து போன மனுசன் உலகத்தில் தீனதயாளன் ஒருத்தர்தான். போகட்டும். இந்தத் தடவை அவர் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு பேனர் செய்கிறேன்.

அஸ்வினியிடம் சொல், போட்டோ கிடையாது. மாமன் வரையப் போகிறேன், வாட்டர் கலரில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டப்பாவில் கட்டி கட்டியாக வைத்திருக்குமே, அந்தக் கலர். தண்ணீரில் கரைத்துத் தாளில் விட்டால் மேகம் மாதிரி பரவும். ஆள் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். பூவும் புகையுமாக ஒரு பெண் என்று தெரியும், எந்த வீட்டுப் பெண் என்று தெரியாது. பெண்ணைப் போட்டாச்சு என்று மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே சிக்கல். தாளில் வரைந்து, எங்கள் கடை ஸ்கேனரில் எடுத்து, இருபது அடிக்கு இழுத்தால் கேப்பைக் களி மாதிரி திப்பி திப்பியாகிவிடும். கம்ப்யூட்டரிலேயே வரைய வேண்டும். கம்ப்யூட்டர் பிரஷ் என்றால் மயிரும் கட்டையும் வைத்தது இல்லை. அது ஒரு அச்சு. மவுசை இழுத்தால் அந்த அச்சு வரிசையாக விழும். தண்ணீர் மாதிரி விழுகிற அச்சு ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரத்து வேலை.

அண்ணியும் நானும் அஸ்வினிக்கு முத்தம் கொடுத்ததாகச் சொல். மாப்பிள்ளைக்கு வேண்டாம்.

அண்ணன்,
வேணு


திண்டிவனம்
3.10.2010

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டது.

காய்ச்சலில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன், மாமன் படமாக வரைந்து தருகிறாராம் என்று. "படமா? நம்ம பொண்ணுன்னு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். தெரியாது என்று அஸ்வினியிடம் சொன்னேன். இரண்டு பேரிடமும் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அவள் கொஞ்சம் சாப்பிடுகிறாள். தினமும் பள்ளி விட்டு வந்ததும், "மாமா வரைஞ்சிட்டாரா?" என்று கேட்கிறாள்.

நீ இப்போது இந்தப் பக்கம் வர வேண்டாம். தை மாதம் சீரோடு வந்தால் போதும்.

தனம்


விழுப்புரம்
24.10.2010

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளையின் காய்ச்சல் போயிருக்கும். எனக்கு வந்துவிட்டது. உடம்பில் இல்லை, மண்டையில்.

ஒரு வாரம் என்று எழுதினேன் இல்லையா? நீ சிரித்திருப்பாய். தினமும் கடை முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டினால்தான் வரும். அதனால் படத்தைப் பார்த்துப் பார்த்து பிரஷ் இறக்குகிறேன். பென் டிரைவ் ரொம்பிவிட்டது. வாட்டர் கலர் என்று போட்டிருக்கும். கடைக்கு எடுத்துவந்து இழுத்தால் கோழி இறகு விழும். இன்னொன்றை இழுத்தால் காக்கா எச்சம். ஒன்று மட்டும் பார்க்க அழகாக இருந்தது. அதில் ரோஜாப்பூ போட்டேன். ரோட்டுக்குத் தார் ஊற்றின மாதிரி வந்தது.

பாண்டிச்சேரியில் ஒருத்தர் சிடி வைத்திருக்கிறார் என்றார்கள். மழையில் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். அதில் இருக்கிற பிரஷ் முதல் தடவை இழுக்கும்போது தண்ணீர் மாதிரியே இருக்கிறது. ஆனால் ஒரே கறை. திரும்பத் திரும்ப அதே கறை, சைக்கிள் டயர் தடம் மாதிரி. நிஜத் தண்ணீர் அப்படியா விழும்? கலர் நடுவிலிருந்து விலகி, ஓரத்தில் போய் ஒதுங்கி, அங்கே கறுத்துக் காயும். அந்த ஓரம்தான் எனக்கு வேண்டும். எவனும் வைத்திருக்கவில்லை.

முண்டியம்பாக்கத்துப் பெரியவர் ஒருத்தர் போய்ச் சேர்ந்தார். அவர் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் பின்னால் வானத்தில் அந்த சிடி பிரஷைப் போட்டுப் பார்த்தேன். மகன் வந்து நின்றான். "எங்கப்பா சொர்க்கத்துக்குப் போறாரா, சாக்கடைக்குப் போறாரா?" என்றான். முதலாளி அரங்கநாதன் அண்ணன் அவனுக்கு வேறு அடித்துக் கொடுத்துவிட்டு என்னிடம், "வேணு, ஊரான் செத்ததுல எல்லாம் உன் தண்ணிய ஊத்தாத" என்றார்.

இப்போது எங்கே எது நனைந்தாலும் நின்றுவிடுகிறேன். சுவரில் மழை இறங்கின கறை, வேப்பம்பழம் நசுங்கின தரை. பஸ் ஸ்டாண்டில் எவனோ துப்பின வெற்றிலை எச்சில் காய்ந்து ஓரம் கட்டியிருந்தது. அற்புதமாக இருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் ஒருத்தர் வந்து என்னைக் குனிந்து பார்த்தார். "இன்னாய்யா தொலைச்ச?" "பிரஷ் சார்." "பல்லு வெளக்கறதா?" "இல்ல சார், படம் போடறது." "இங்கயா போட்ட?" நழுவி வந்துவிட்டேன்.

அஸ்வினி கேட்டால், மாமன் வரைந்துகொண்டே இருக்கிறார் என்று சொல். பொய்க்குப் பொய் நாமும் ஒன்று வைப்போம்.

தூக்கம் கெட்ட அண்ணன்,
வேணு


விழுப்புரம்
14.11.2010

தங்கச்சி,

தீபாவளி நல்லபடியாகப் போனதா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மழை தபால்காரரைத் தின்றுவிட்டதா, மாப்பிள்ளை தின்றுவிட்டாரா?

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதாமல் இருக்க முடியாது. கிடைத்துவிட்டது!

தீபாவளிக்கு அண்ணிக்கு அரக்கு கலரில் ஒரு புடவை எடுத்தேன். ஒரு நாள் கட்டினாள், ஊற வைத்தாள். அதே பக்கெட்டில் என் வெள்ளை வேட்டியும். சாயம் போய்விட்டது. என்னிடம் சொன்னால் கிண்டல் செய்தே கொன்றுவிடுவேன் என்று பயந்து, வேட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் ஒளித்துக் காயப் போட்டிருக்கிறாள். நான் கால் கழுவப் போனவன் பார்த்தேன். தனம், எப்படிச் சொல்வேன்! நடுவில் வெளுத்து, ஓரத்தில் கறுத்து, நூலுக்கு நூல் ஊறி, பக்கத்துக் கறையோடு கை கோத்துக்கொண்டு... ரெண்டு மாதமாக உலகம் பூராவும் தேடினது என் வீட்டுக் கொடியில் தொங்குகிறது.

"செந்தாமரை!" என்று கத்தினேன். "நா வேணும்னு பண்ல" என்று உள்ளே இருந்தே அழுகிற குரல். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "அய்ய, விடு, பைத்தியமா புடிச்சிக்கிச்சி?" என்று துடப்பத்தால் ஒன்று போட்டாள்.

வேட்டியை மடித்துக் கடைக்கு எடுத்துப் போய் ஸ்கேனரில் விரித்தேன். அரங்கநாதன் அண்ணன் பார்த்தார். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். கறை கறையாக வெட்டி ஒவ்வொன்றையும் ஒரு பிரஷாக மாற்றினேன். வேட்டி ஒன்று, வேட்டி இரண்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். அதே கறை திரும்பத் தெரியாமலிருக்க, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பெரிதாக்கி, கொஞ்சம் மங்கலாக்கி விழும்படி வைத்துவிட்டேன். வேட்டியின் நூல் இழை தாளின் சொரசொரப்பு மாதிரியே தெரிகிறது.

மஞ்சளில் ஒரு வேட்டி, நீலத்தில் ஒரு வேட்டி ஊற வைத்துக் காய்கிறது. "உம்மருமவ மஞ்ச தண்ணிக்கு நீ லுங்கிலதான் போவப்போற" என்கிறாள் அண்ணி. இத்தோடு ஒரு பூவும் இலையும் அச்சடித்து அனுப்பியிருக்கிறேன். தொட்டுப் பார். ஈரமாக இருக்கிற மாதிரி இருக்கும்.

வெற்றி பெற்ற அண்ணன்,
வேணு


திண்டிவனம்
25.11.2010

அண்ணனுக்கு,

நலம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. சாமான்களைப் பரணில் ஏற்றி இறக்கினதில் எனக்கு இடுப்புப் பிடிப்பு. அதுதான் எழுதவில்லை.

பூ நன்றாக இருக்கிறது. நானும் தொட்டுப் பார்த்தேன். அஸ்வினி அதைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். "இந்தப் பூ மட்டும் போதும்மா. மூஞ்சியே வாணாம்னு மாமாகிட்ட சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

அரைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணிக்கு வேறு புடவை வாங்கிக் கொடு.

தனம்


விழுப்புரம்
12.12.2010

அன்புத் தங்கச்சிக்கும் மருமகளுக்கும்,

இடுப்பு சரியாகிவிட்டதா? அண்ணியின் தைலத்தில் கொஞ்சம் அனுப்பட்டுமா? வாசனைக்கே வலி ஓடிவிடும். நானும் ஓடியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு வருகிற படத்தை ஜாக்கிரதையாகப் பிரி. பேனரை ஒரு முழத்துக்குச் சுருக்கி அச்சடித்தது. ஆரம்பிக்கும்போது பூவைத்தான் ஆரம்பித்தேன். பூவுக்கு நடுவில் ஒரு கன்னம் வந்தது. வேட்டி மூன்றால் லேசாகத் தொட்டேன், கன்னத்தில் ரத்தம் ஓடினது. அப்புறம் எப்படி நிறுத்துவது? நீ முதல் கடிதத்தோடு அனுப்பின அஸ்வினியின் பள்ளிக்கூட போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நெற்றியில் அந்தத் தழும்பு, ஒரு பக்கம் மட்டும் குழிகிற கன்னம், சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற உதடு. எல்லாம் தண்ணீரில்! அரங்கநாதன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இது எந்த பேப்பர்ல வரைஞ்சது?" என்றார். வேட்டியில் என்றேன்.

சென்னையில்கூட இப்படி ஒரு பேனர் எவனும் அடித்திருக்க மாட்டான். மாப்பிள்ளை பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று மட்டும் எழுது. திட்டினாலும் பரவாயில்லை, எந்த வார்த்தை என்று எழுது.

உடனே பதில் போடு. தை பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

மாமன்,
வேணு


விழுப்புரம்
3.1.2011

தனத்துக்கு,

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள்?

படம் வந்து சேர்ந்ததா? தபாலில் மடங்கிவிட்டதா? மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் சொல், மூக்கைக் கொஞ்சம் மாப்பிள்ளையை மாதிரி ஆக்கிவிடுகிறேன், ஊரே பயந்து ஓடட்டும்.

சரி, கிண்டல் வேண்டாம்.

நேற்று அங்கே வந்தேன். வர வேண்டாம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. உன் தெருவுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே வீரம்மாள் அக்கா கடையில் உட்கார்ந்தேன்.

"கவரு குடுத்துட்டியாக்கா?"

"குடுத்தேனே."

"இன்னா சொல்லிச்சி?"

"கிழிச்சிப் பாத்துச்சி. கொஞ்ச நேரம் பாத்துச்சி. மடிச்சி இடுப்புல சொருவிக்கினு போயிடுச்சி. உனுக்கு இன்னும் ரெண்டு வெக்கவா?"

"சிரிச்சிச்சா?"

"இந்தா வேணு, ஆறுது, சாப்டு."

சாப்பிட்டேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பஸ்ஸிலிருந்து செஞ்சி ரோடு முனை தெரிந்தது. எவனோ புது வருட வாழ்த்து பேனர் வைத்திருக்கிறான். வெறும் மூஞ்சி மூஞ்சியாக இருக்கிறது.

ஒரு வரி எழுது.

வேணு


திண்டிவனம்
8.1.2011

அன்புள்ள மாமாவுக்கு அஸ்வினி எழுதுவது. நான் நலம். அத்தை நலமா?

அம்மா எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போய்விடுகிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். நெற்றித் தழும்புகூட இருக்கிறது. எந்த போட்டோவிலும் நான் இவ்வளவு நன்றாக இருந்தது இல்லை. என்னை மாதிரியே இருக்கிறது, மாமா. யார் பார்த்தாலும் அஸ்வினி என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் அவருக்குப் பிடித்துவிடும்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்குப் போவேன். விழா முடிந்து போவேனா என்று தெரியவில்லை.

நீங்கள் கஷ்டப்பட்டு வரைந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் படத்தை நான் என் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டுமா?

அஸ்வினி


விழுப்புரம்
11.1.2011

அஸ்வினிக் கண்ணுக்கு,

வைத்துக்கொள். அது உன்னுடையது. கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன். இனி அந்தப் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், உன் பெட்டியில்.

உன் மேல் எனக்கு என்ன கோபம்? நீ பூ போதும் என்று சொல்லி அனுப்பினாய். நான் காதில் வாங்கினேன், கையில் வாங்கவில்லை. பிரஷ் கிடைத்த சந்தோஷத்தில் உன்னை மறந்து உன் மூஞ்சியை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். உங்கப்பனை அசத்த வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு.

உன் முகம் அங்கே வராது. இது மாமன் வாக்கு. நீ பரீட்சைக்குப் படி.

இதற்குக் கீழே இருப்பது அம்மாவுக்கு. நீயும் படிப்பாய் என்று தெரியும், படித்துக்கொள்.

தனம், உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனாயாமே. என்னைத் திட்டியே எழுதியிருக்கலாம். நீ திட்டாததுதான் இந்த ஒரு மாதம் என்னைத் தின்றது.

யோசித்துப் பார்த்தேன். பேனரே வேண்டாம் என்றால் மாப்பிள்ளை வேறு கடையில் போட்டோவை வைத்து அடித்துவிடுவார். வெறும் பூவைக் கொண்டுபோனால், "இன்னா, நர்சரி தொறக்கறமா?" என்று அதையும் கிழித்துவிட்டு போட்டோவே வைப்பார். அவருக்கு ரோட்டில் ஒரு முகம் வேண்டும். பெரிதாக, நம் வீட்டு முகமாக. அது எந்த முகமாக இருந்தால் என்ன?

மாப்பிள்ளை முகத்தையே வைக்கிறேன். "அன்புடன் அழைப்பது தீனதயாளன்" என்று. எட்டு அடி உயரத்துக்கு, வாட்டர் கலரில், மீசையோடு. ஓரமாக ஒரு பெண் திரும்பி நிற்கிறாள். பூ ஜடை மட்டும் தெரியும். இத்தனை பெரிதாகத் தன் முகத்தைப் பார்த்துவிட்டு எந்த ஆம்பளையும் அதைக் கழற்றச் சொல்ல மாட்டான். எனக்கே ஆசையாக இருக்கிறது.

அவருடைய போட்டோ நல்லதாக ஒன்று எடுத்து அனுப்பு. கூலிங் கிளாஸ் போட்டது வேண்டாம்.

அண்ணன்,
வேணு


விழுப்புரம்
24.1.2011

தங்கச்சிக்கு,

பொங்கல் பால் நன்றாகப் பொங்கினதா? இங்கே பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

போட்டோ கிடைத்தது. மண்டியில் மல்லாட்டை மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஐந்தாறு நாளாக இந்த முகத்தோடுதான் குடித்தனம். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். மீசையை முதலில் போட்டேன், அரங்கநாதன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு எப்போது வந்தது? எனக்கு வயதான மாதிரி அவருக்கும் ஆகியிருக்கிறது. நீ சொல்லவே இல்லை. வேட்டி இரண்டை ரொம்ப மங்கலாக்கி அந்தக் கறுப்பைப் பாதி துடைத்தேன். முழுக்கத் துடைத்தால் அவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சீர்த் தட்டோடும் பேனரோடும் நானும் அண்ணியும் வருகிறோம். எனக்குப் புது வேட்டி எடுத்துவிட்டாள். அதைத் தனியாகத்தான் துவைப்பாளாம்.

மாப்பிள்ளை வாசலில் நின்று "வா" என்று சொல்வாரா? சொல்லாவிட்டாலும் தட்டை வைத்துவிட்டுத்தான் போவேன்.

அண்ணன்,
வேணு


திண்டிவனம்
6.2.2011

அன்புள்ள அண்ணனுக்குத் தனம் எழுதுவது.

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? அண்ணிக்கு நின்று நின்று முழங்கால் வீங்கியிருக்குமே. இங்கே எல்லோரும் சுகம். என் இடுப்பும்தான்.

விழா அன்றைக்கு அவர் உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். "வா மச்சான்" என்று மட்டும் சொன்னார். நீ தட்டைத் தூக்கி நிற்கிறாய், அவர் உன்னைத் தாண்டி, வாசலில் பிரித்து வைத்த பேனரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் பார்த்தேன். பொண்ணு எங்கே என்று அவர் வாயில் வந்தது. அதற்குள் மண்டிக்காரர்கள் வந்து, "தீனா, மந்திரி மாதிரி இருக்குறய்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் கேட்கவில்லை. அதை முனையில் கட்டின பிறகு அன்றைக்கு மூன்று தடவை ஏதாவது வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு அந்த முனைக்குப் போய் வந்தார்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை அஸ்வினி பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். அவளை ஒருத்தனும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் மேலே பார்த்து, "யார்ரா இந்த மீச?" என்றுதான் கேட்டார்களாம்.

இவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மண்டிக்குப் போகிற வழியில் பையன்கள் கும்பலாக நின்று, "அங்கிள், எந்தச் சின்னம்?" என்று கத்தியிருக்கிறார்கள். தேர்தல் வருகிறதாம் இல்லையா, அதுதான். அடுத்த நாள், "அங்கிள், டெபாசிட் கட்டியாச்சா?" புதன்கிழமை எவனோ ஏறி, உன் படத்தில் மீசையை இரண்டு பக்கமும் காது வரைக்கும் நீட்டிவிட்டான். செல்போனில் பிடித்து மண்டியில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு இவர் வீட்டுக்கு ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் சேறு.

வியாழக்கிழமை ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அவரே கழற்றிவிட்டார். சுருட்டிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சாப்பிட உட்கார்ந்தார். அஸ்வினிதான் குழம்பு ஊற்றினாள்.

"இன்னா பசங்களோ. ஒரு மனுசன் ரோட்ல போக முடியல, வர முடியல. பேஜாரு" என்றார்.

"அவனுங்க அப்படித்தாம்பா" என்றாள் அவள்.

"எத்தினி நாளா?"

"நா ஏழாவது சேந்ததுலேருந்து."

அவர் கை சோற்றிலேயே இருந்தது. நான் மோரை எடுத்துக்கொண்டு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். "ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னனேப்பா" என்றாள்.

அவர் இலையை மூடாமலே எழுந்து போய்க் கை கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை மண்டிக்குக் கிளம்பவில்லை. வண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு, "ஏறு, நா வுடறேன்" என்றார். செஞ்சி ரோடு முனையில் அந்தப் பையன்கள் நின்றிருக்கிறார்கள். இவர் வண்டியை அவர்களுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, "இப்ப கேளுங்கடா" என்றாராம். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லையாம். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார், அஸ்வினி கேட்டுக்குள் நுழைந்து படியேறிப் போகிற வரைக்கும்.

நாளைக்கும் தானே கொண்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் தங்கை,
தனம்